காந்தினால் கேட்கும்

ஜனவரி 26, ஞாயிறு

சைக்கிள் சாவியைக் காணோம் என்று காலையிலேயே வடிவை ஏச வேண்டியதாகிவிட்டது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது இந்த வீட்டில். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் மனைவி ஒழுங்காக வைத்த ஒரே பொருள் அரிசிப் பானையின் மூடி. கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன்.

கொடியேற்றமும் விளையாட்டு விழாவும் ஒரே நாளில். பழைய பி.டி. மாஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். போனதும் முடிவுக்கோட்டில் கயிறு பிடிக்க நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்றேன். இப்போது இருக்கிற பி.டி. மாஸ்டருக்கு விசிலை வாயில் வைக்கக் கூச்சம். மைக்கைப் பிடித்துக்கொண்டு "பிளீஸ், பிளீஸ்" என்கிறான். பிளீஸ் சொன்னால் எந்தப் பயல் வரிசையில் நிற்பான்.

அதைவிட வயிற்றெரிச்சல் வேறு. மைதானத்தின் மேற்கு ஓரம் முழுக்க சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். மிச்சத்துக்குக் களைக்கொல்லி. என் காலத்தில் அந்த ஓரம்தான் முதலுதவிப் பெட்டி. வெட்டுக்காயப் பூண்டு பாய் விரித்தாற்போலக் கிடக்கும். எவனாவது முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால் நாலு இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைப் புண்ணில் பிழிவேன். எரிச்சலில் பயல் துள்ளுவான்.

"சார், காந்துது சார்."

"காந்துனா கேக்கும்லே. ஓடு."

ஓடுவான். இரண்டே நாளில் புண் மருந்துக்குக் கேட்டுப் பொருக்குத் தட்டிவிடும். முப்பத்திரண்டு வருஷத்தில் என் கை பட்ட ஒரு முட்டியும் சீழ் பிடித்ததில்லை. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரே "காந்துனா கேக்கும்" சார். மந்திரமூர்த்தி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்றினேன். வடிவு காலுறையைக் கையில் எடுத்தாள். வலது கால் உறையின் முன்பக்கம் சிவப்பாக ஊறியிருந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள். சைக்கிள் சாவி விழுந்தது.

"காலைலேர்ந்து இதும் மேலயா நின்னிய?"

"நல்ல ஷூ. தடிப்பான அட்டை. அதான் தெரியல."

அவள் சாவியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். பதிலுக்கு ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஏசவில்லை.

பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் போயிருக்கிறது. சின்னப் புண். வலியே இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

குளியலறைத் தண்ணீர் போகிற ஓரத்தில் பூண்டு நாலைந்து நிற்கிறது. அதே சொரசொரப்பான இலை, நீளக் காம்பு, நுனியில் நடு மஞ்சளாக ஒற்றைப் பூ. கசக்கிப் பிழிந்தேன். காந்தவில்லை. சாக்கடைத் தண்ணீர் குடித்து வளர்ந்த செடிக்குக் காரம் எங்கே இருக்கும். துணியால் கட்டிக்கொண்டேன்.

வடிவு டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள். "உங்களுக்குச் சீனி இருக்குலா" என்கிறாள். இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது. ஞாபகம் வருகிற அன்று மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அதற்காக ஷூ கடித்ததுக்கெல்லாம் டாக்டரிடம் போனால் ஊர் சிரிக்கும்.

அடுத்த மாதம் 23 அன்று பாளையங்கோட்டையில் மூத்தோர் தடகளம். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. போன வருஷம் நாகர்கோவில்காரன் ஒருவன் என்னை முந்தினான். நடை என்றால் முன்னால் வைக்கிற கால் தரையைத் தொடும்போது முட்டி மடங்கக் கூடாது. அவனுக்கு மடங்கியது. நான் பார்த்தேன், நடுவர் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக அந்த முட்டி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இந்த வருஷம் அவனை விடுவதாக இல்லை. பயிற்சியை நிறுத்த முடியாது.

பிப்ரவரி 1, சனி

சென்னையில் இருந்து மகள் போன் செய்தாள். ஓட்டக்காரியாக வருவாள் என்று உஷா என்று பெயர் வைத்தேன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத பிள்ளை. வடிவுதான் ஓதியிருக்கிறாள்.

"அப்பா, கேமராவ கால் பக்கம் திருப்புங்க."

"என் மூஞ்சியப் பாத்துப் பேசு."

"மூஞ்சில ஒண்ணும் இல்லப்பா. கால்லதான் புண்ணு."

"எலையப் பிழிஞ்சிருக்கேன். ஆறிரும்."

"காந்துச்சா?"

இவளுக்கு எத்தனை முட்டிக்குப் பிழிந்துவிட்டிருக்கிறேன். என்னிடமே திருப்பிக் கேட்கிறாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வாய்க்கால் கரைப் பூண்டும் காந்தவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வேறு வழி இல்லாமல் பள்ளிக்கூட மைதானத்துக்கே போனேன். அந்த மண்ணில் வளர்ந்த பூண்டுக்குத்தான் வீரியம். போய்ப் பார்த்தால் களைக்கொல்லி அடித்த இடமெல்லாம் வைக்கோல் நிறம். தலைமையாசிரியை அறைக்கு நேரே நடந்தேன்.

"எதுக்கு மேடம் மருந்தடிச்சிய?"

"பாம்பு வருது சார். பிள்ளைங்க இருக்கற எடம்."

"முப்பத்திரண்டு வருசம் அங்கனதான் நின்னேன். என்னை எந்தப் பாம்பும் கடிக்கல."

"உங்களக் கடிக்க அதுக்கும் தைரியம் வேணும்லா சார்" என்றார் அந்த அம்மாள். பக்கத்தில் நின்ற பியூன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

காம்பவுண்டுக்கு வெளியே கொஞ்சம் பூண்டு பிழைத்துக் கிடந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் அதன் காம்பை மடக்கி, "தாத்தா தாத்தா, தலைய வெட்டட்டா" என்று பூவைச் சுண்டித் தெறிக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். தாத்தாப்பூ விளையாட்டு. "மருந்துட்டி அது, மருந்து" என்று ஒரு அதட்டல் போட்டேன். இரண்டும் ஓடிவிட்டன. ஒரு பை நிறையப் பறித்து வந்தேன்.

இதுவும் காந்தவில்லை. உரம், விஷம், சிமெண்டு என்று கொட்டி மண்ணைச் சாகடித்துவிட்டார்கள். மண் செத்தால் மருந்துக்கு உயிர் எங்கிருந்து வரும். யாரிடம் போய்ச் சொல்வது.

ஆனால் வலி அறவே இல்லை. அதையும் சொல்ல வேண்டும். வலி இல்லாத புண் ஆறுகிற புண்தானே.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் கண் விழித்தால் வடிவு என் காலடியில் குனிந்து நிற்கிறாள். கட்டில் காலில் இருந்து என் கால் வரைக்கும் எறும்புச் சாரை. கட்டுத் துணிக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது.

முந்தாநாள் கட்டிலில் உட்கார்ந்து அதிரசம் தின்றது யார் என்று கேட்டேன். அவள் ஒவ்வொரு எறும்பாகத் தட்டிவிட்டுக்கொண்டே, "விரலிடுக்குல பூரா கடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்லியா?" என்றாள்.

"தூக்கம்னா அது தூக்கம். படுத்தா கட்டைதான் நான்."

வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது இரண்டு வேளையும் போடுகிறாள். வயசாகி பக்தி முற்றிவிட்டது போலிருக்கிறது. சாமி படத்துக்கு ஒரு சுற்று காட்டினால் என் கட்டிலுக்கு மூன்று சுற்று. இருமி இருமி உயிர் போகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பயிற்சிக்கு ஆறு சுற்று நடந்தேன். காலுறை நனைந்துவிட்டது. வியர்வை.

ஷூவை வாசலில் காயப் போட்டால் பக்கத்து வீட்டு நாய் வந்து மோப்பம் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. கல்லெடுத்து விரட்டினேன். நாய் வளர்க்கிறவர்கள் கட்டிப்போட்டு வளர்க்க வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

பஸ் பிடித்து மலையடிவாரம் போய்ப் பூண்டு பறித்தேன். மனுஷக் கால் படாத இடம், களைக்கொல்லி எட்டாத மண். திரும்பும்போது பஸ் இல்லை. பாதி தூரம் நடந்தேன். உடம்பு கொஞ்சம் காய்கிறது. வெயில்.

இது காந்தாமல் எங்கே போகிறது, பார்க்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வடிவு அருவாமனையில் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். விரலை அரிந்துகொண்டாள். நல்ல ஆழம், ரத்தம் சொட்டியது. நான்தான் மலைப்பூண்டைக் கசக்கிக்கொண்டு ஓடினேன். பிழிந்த மறு நொடி கையை உதறினாள்.

"ஸ்ஸ், யம்மா. என்ன இப்படிக் காந்துது."

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. "பாத்தியா, மலைப்பூண்டு. காந்துனா கேக்கும்ட்டி" என்றேன். அதே சூட்டில் கட்டைப் பிரித்து, கையில் மிச்சம் இருந்த சாற்றை என் காலில் பிழிந்தேன். அதே இலை, அதே கசக்கல்.

அவள் விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்குக் காந்துதா?"

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"காந்துனா கேக்கும், காந்துனா கேக்கும்ங்கிய. காந்தலன்னா என்ன அர்த்தம்னு ஒருநாளும் சொன்னதில்லையே நீங்க."

வாழைக்காய்ப் பொரியலில் உப்பே இல்லை. நன்றாக ஏசினேன்.

பிப்ரவரி 15, சனி

சவரம் செய்யும்போது தாடையில் பிளேடு கீறிவிட்டது. தற்செயலாகத்தான் கீறியது. மலைப்பூண்டுச் சாற்றைத் தடவினேன். சுள்ளென்று காந்தியது. வாடிக் கிடந்த வாய்க்கால் பூண்டைத் தடவினேன். அதுவும் காந்தியது. குளியலறை ஓரத்துப் பூண்டு மூன்றிலும் அதிகமாகக் காந்தியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காந்தலால் வந்த தண்ணீர்.

ஆக, பூண்டில் குறை இல்லை. மண்ணிலும் இல்லை.

ஆணியில் இருந்த சைக்கிள் சாவியை எடுத்து உள்ளங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தேன். முதலில் மெதுவாக. பிறகு பலமாக. அதற்கு மேல் எழுத விருப்பம் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

காய்ச்சல். நடுக்கம். வடிவு என்னைக் கேட்காமலே கட்டைப் பிரித்துவிட்டாள். பெருவிரல் கறுத்திருக்கிறது. பக்கத்து விரலும் நிறம் மாறிவிட்டது. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். யாரைக் கேட்டுச் சொன்னாய், என் கால், என் புண், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். காய்ச்சலில் குரல் எழும்பவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க காலா? தெனமும் அந்தக் கட்டுத் துணியத் தொவைச்சது யாரு? நாத்தம் வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னு ரெண்டு வேளையும் பொக போட்டது யாரு? எறும்பு தின்னுட்டுப் போறது தெரியாமப் படுத்திருந்தியளே, ஒவ்வொண்ணா எடுத்தது யாரு? உங்களுக்கு வலிக்கல வலிக்கலன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியுதிய. எனக்குல்லா வலிக்கு. அந்தக் கால்ல வர வேண்டிய வலிய பூரா நான்தான் பட்டுக்கிட்டிருக்கேன்."

இத்தனை நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. ஊதி நிறுத்தலாம் என்றால் கழுத்தில் விசில் இல்லை.

ஆட்டோ வந்தது. ஏறினேன். காய்ச்சல் அதிகமாக இருந்ததால் ஏறினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பெரியாஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. இந்த ஜில்லாவில் பாதிப் பேர் என்னிடம் அடி வாங்கினவர்கள். ஆனால் எனக்கு வாய்த்த டாக்டர் தர்மபுரிப் பக்கத்துப் பெண், பெயர் யாழ்மொழி. என்னை யார் என்றே தெரியாது. முப்பது வயதுகூட இருக்காது.

"என்ன போட்டீங்க சார் இதுல?"

"வெட்டுக்காயப் பூண்டு. இளக்காரமாச் சிரிக்காதீங்க. முப்பத்திரண்டு வருசம் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கேன்."

"சிரிக்கல சார். எங்க ஊர்லயும் அதான் போடுவாங்க. ரத்தம் நிக்கும், சின்னக் காயம் சீக்கிரம் மூடும். எலிக்குப் போட்டுப் பார்த்து, ஆறுதுன்னு கட்டுரை எல்லாம் எழுதியிருக்காங்க."

"பொறவு எனக்கு ஏன் ஆறல?"

"அந்த எலிக்குச் சர்க்கரை இல்ல சார். காலுக்கு ரத்தம் ஒழுங்கா ஓடுச்சு. பூண்டு தோல் மேலதான் வேலை செய்யும். உங்களுக்கு உள்ள நரம்பு செத்திருக்கு, சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கு. அதுமேல தெனமும் நடந்திருக்கீங்க."

என்னை எலியைவிடக் கேவலம் என்கிறாள், அதுவும் முகத்தைப் பார்த்தே.

பிறகு ஒரு சோதனை. குச்சியின் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அது காலில் படும்போதெல்லாம் "ஆமா" சொல்ல வேண்டும். இதென்ன பெரிய வித்தை. கண்ணை மூடிக்கொண்டு உத்தேசமாக இடைவெளி விட்டு, "ஆமா" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஆமா." மறுபடியும், "ஆமா, நல்லாத் தெரியுது."

கண்ணைத் திறந்தேன். டாக்டர் குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள். வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்" என்றாள் டாக்டர்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை பயல்களின் பொய்க் காய்ச்சலை நெற்றியைத் தொட்டே கண்டுபிடித்திருக்கிறேன். இந்தப் பெண் என்னைத் தொடாமலே பிடித்துவிட்டாள். அவள் மேல் வந்த கோபத்தில் இரண்டு இட்லிதான் இறங்கியது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நாளை காலை ஆபரேஷன். இரண்டு விரலை எடுத்தாக வேண்டுமாம். கையெழுத்துப் போட்டேன்.

தாத்தா தாத்தா, தலைய வெட்டட்டா. இன்று முழுக்க இதேதான் காதில் ஓடுகிறது. சனியன் பிடித்த பாட்டு.

பிப்ரவரி 20, வியாழன்

மயக்கம் தெளிந்துவிட்டது. பெருவிரலும் அடுத்ததும் இல்லை. சீழ் மேலே ஏறியிருந்ததால் பாதத்தின் மேல்புறம் கீறி, கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை வரைக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். தைக்கவில்லை. தினமும் கழுவிக் கட்டுவார்களாம்.

டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினாள். "மேல திறந்த எடம்தான் முக்கியம் சார். அங்க சதை உயிரோட இருந்தா கால் மிஞ்சும். கறுத்துக்கிட்டே வந்தா முட்டிக்குக் கீழ எடுக்கணும். ஒரு வாரம் பார்ப்போம்."

முட்டிக்குக் கீழே. நாகர்கோவில்காரனின் முட்டியை ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது வேண்டியதுதான் என்று எவனாவது சொன்னால் பல்லை உடைப்பேன்.

மத்தியானம் உஷா வந்தாள். வார்டு வாசலில் என் கட்டிலைக் கண்டுபிடித்துவிட்டு அங்கிருந்து ஓடி வந்தாள், பை தோளில் இருந்து நழுவ, செருப்பு ஒன்று வழியில் கழல. கை வீச்சு சரியில்லை, குதிகால் தரையில் அடிக்கிறது, மூச்சை வாயால் வாங்குகிறாள். அத்தனையும் தப்பு. ஆனாலும் வேகம் இருந்தது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் இந்த வேகத்தை.

என் பக்கத்தில் வந்து, "ஏம்ப்பா போன்ல பொய் சொன்னீங்க?" என்று ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது என்று அதட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் என் அதட்டல் யாருக்கும் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

கட்டுப் பிரித்தார்கள். சிஸ்டர் பாட்டிலில் இருந்து மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். விரல் இருந்த இடத்தில் ஊற்றினாள், கணுக்காலில் ஊற்றினாள், மேலே ஊற்றினாள்.

"எரியுதா தாத்தா?"

ஆமா என்று சொல்லத்தான் வாய் வந்தது. வடிவு எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றுதான் போட்டி. பாளையங்கோட்டையில் இருந்து ஒருவன் போன் செய்து சொன்னான். நாகர்கோவில்காரன்தான் முதலாம். முட்டியை மடக்கியிருப்பான்.

இரண்டு காலும் இருக்கிறவன் மடக்குகிறான்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றும் "இல்ல" என்றேன். மேலே திறந்த இடத்தின் ஓரம் கறுத்திருக்கிறதா என்று உஷாவிடம் கேட்டேன். "இல்லப்பா" என்றாள், கேட்டு முடிப்பதற்கு முன்பே. என் மகள்தான். பொய் அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறது.

வடிவின் விரலைப் பார்த்தேன். வெட்டு ஆறி, கோடு மட்டும் இருக்கிறது. பூண்டு ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அந்தச் செடிமேல் எனக்குக் கோபம் வருகிறது. நாலு இடம் அலைந்தேனே, காந்தாத இடத்தில் பிழியாதே என்று ஒரு இலைக்காவது சொல்லத் தெரிந்ததா. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாதபோது செடிமேல் கோபப்படலாம். அது திருப்பிப் பேசாது.

மத்தியானம் சாதத்தைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தவளிடம், "அந்தச் சாம்பிராணி, நெசமாவே நாத்தத்துக்கா போட்ட?" என்று கேட்டேன்.

"பொறவு? சாமிக்குன்னா நெனச்சிய?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா கேக்கிற ஆளா நீங்க" என்று அடுத்த உருண்டையை வாயில் திணித்தாள்.

பிப்ரவரி 26, புதன்

எட்டரை மணி வாக்கில் சிஸ்டர் தள்ளுவண்டியோடு வந்தாள். இன்று டாக்டரும் கூட வந்து நின்றாள். இன்று பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று நேற்றே சொல்லியிருந்தாள். உஷா என் தலைமாட்டில், வடிவு காலடியில். பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார், என்னவோ சினிமா பார்க்கிற மாதிரி. வேறு நாளாக இருந்தால் அவரை ஏசியிருப்பேன்.

விரல் இருந்த இடத்தில் ஊற்றினாள். ஒன்றும் இல்லை. நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்காலில் ஊற்றினாள். ஒன்றும் இல்லை. வடிவு கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள், கம்பி ஆடியது.

மேலே திறந்த இடத்தில் ஊற்றினாள்.

"யம்மா" என்று கத்திவிட்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உடம்பு கட்டிலைவிட்டு ஒரு முழம் எழும்பி விழுந்தது.

"என்னாச்சு?" என்று வடிவு பதறினாள்.

"காந்துது."

"பொய் சொல்லாதிய." கம்பியைவிட்டுக் கிட்டே வந்தாள். "எனக்காவச் சொல்லாதிய."

"பொய்யில்லட்டி. காந்துது. நெருப்ப அள்ளிக் கொட்டுனாப்புல காந்துது."

டாக்டர் குனிந்து பார்த்தாள். கையுறை போட்ட விரலால் ஓரத்தைத் தொட்டாள். மறுபடியும் கத்தினேன். "வீக்கம் வடிஞ்சிருக்கு, ரத்தம் வருது, சிவப்பா இருக்கு" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் நிமிர்ந்தாள். "கால் இருக்கட்டும் சார். முட்டி வரைக்கும் போக வேண்டாம்."

வடிவு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உஷா என் நெற்றியில் கையை வைத்திருந்தாள். எனக்குக் கண், மூக்கு எல்லாம் ஒழுகியது, துடைக்கத் தோன்றவில்லை. ஒரு மாசமாக எவன் எவன் மேலோ வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது. சிஸ்டர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள ஏம்மா மூடுத? இன்னொரு தடவ ஊத்து" என்றேன்.

"எரியும் தாத்தா."

"எரியட்டும். ஊத்து."

ஊற்றினாள்.